பழைய குதிரைப் புல்வெட்டியைப் பழுதுபார்ப்பது எப்படி? மெக்கார்மிக்-டீரிங் நம்பர் 9: முழுமையான வழிகாட்டி

டிராக்டரில் பூட்டிய இயந்திரம் இறுக்கமாக ஓடினால் டீசல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். குதிரை இழுக்கும் இயந்திரம் இறுக்கமாக ஓடினால் அந்தச் செலவைக் குதிரையின் தோள்தான் கொடுக்கும். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு அளவும், ஒவ்வொரு திருகும் அந்தத் தோளுக்காகத்தான். வண்ணம் பூசி வீட்டு முற்றத்தில் நிறுத்துவதற்காக ஒரு புல்வெட்டி வாங்குகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது. வயலில் இறக்கி உலர்தீவனப் புல் அறுக்க நினைப்பவருக்கு எல்லாமே தேவைப்படும்.

எடுத்துக்கொண்டிருப்பது மெக்கார்மிக்-டீரிங் நம்பர் 9. சைரஸ் மெக்கார்மிக் 1831ல் வர்ஜீனியாவில் கதிர் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். 1834ல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அவர் குடும்பத்தின் நிறுவனமும், அதன் கடும் போட்டியாளரான டீரிங் நிறுவனமும், இன்னும் மூன்றும் 1902ல் இணைந்து இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆயின. அந்த நிறுவனம் குதிரைகளுக்கென்று செய்த கடைசிப் புல்வெட்டிகளில் ஒன்று நம்பர் 9. பழைய மாடல்களில் பற்சக்கரங்கள் வெளியே தெரியும். மண்ணும் புல்லும் அவற்றில் விழுந்து அரைபடும். இதில் எல்லாப் பற்சக்கரங்களும் மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கி ஓடுகின்றன. எழுபது எண்பது ஆண்டு கடந்த பிறகும் வேலை செய்யக்கூடிய நம்பர் 9 கிடைப்பதற்கு அதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம், டிராக்டரைத் தவிர்த்துக் குதிரைகளைக் கொண்டு விவசாயம் செய்யும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் பட்டறைகள். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர், ஒஹையோவின் ஹோம்ஸ் போன்ற மாவட்டங்களில் குதிரை விவசாயம் விட்டுப்போகவில்லை என்பதால், உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பழைய இயந்திரத்தில் கைவைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியே "இதற்குப் பாகம் கிடைக்குமா?" என்பதுதான். நம்பர் 9க்குக் கிடைக்கும்.

வாங்குவதற்கு முன்

துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேல் துரு கழுவினால் போகும். மரத்தாலான ஏர்க்கால் உளுத்துப் போயிருந்தாலும் கவலையில்லை, புதிதாகச் செய்துகொள்ளலாம். பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் கியர் பெட்டி. அடிப்புறத்தைக் கையால் தடவி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்தவெளியில் பல ஆண்டு கிடந்த இயந்திரத்தின் பெட்டிக்குள் மழைநீர் இறங்கிவிடும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது வார்ப்பிரும்பு வெடித்துவிடும். வார்ப்பிரும்பு விரிசலைச் சரிசெய்ய முடியும். முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் கம்பியில் வெல்டிங் செய்யத் தெரிந்தவரோ பிரேசிங்கில் கைதேர்ந்தவரோ வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் விரிசல் விட்ட இயந்திரத்தை உதிரிபாகத்துக்காக மட்டும் வாங்குங்கள்.

அடுத்து, வடிகால் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். முதலில் வருவது தண்ணீரா, பால்போல் வெளுத்த எண்ணெயா, கறுத்த எண்ணெயா? கறுத்த எண்ணெய் நல்ல சகுனம்.

பிறகு ஃப்ளைவீலை, அதாவது கத்தியை ஓட்டும் கனத்த சக்கரத்தை, பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டுங்கள். சொற்ப ஆட்டம் இருக்கத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் நீண்டு புல்லை அறுக்கும் கட்டர் பாரின் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். வளைந்த பாரை நேராக்குவது பெரிய வேலை. கியரைப் போட்டு இயந்திரத்தை முன்னே தள்ளச் சொல்லுங்கள். ஃப்ளைவீல் சுழன்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதைச் செய்யும்போது கட்டர் பார் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

பாகங்களின் மேலேயே வார்ப்பு எண்கள் எழுந்து நிற்கும். அவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாகம் தேடும்போது மாடல் பெயரைவிட இந்த எண்தான் உதவும். ஒரே மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் உண்டு.

கழுவுதல், துருவை இளக்குதல்

பழைய சாயத்தில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கிரைண்டரில் கம்பி பிரஷைப் பூட்டிப் பறக்கவிட வேண்டாம். நனைத்துச் சுரண்டுங்கள், சுவாச முகமூடி அணியுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். அசிட்டோனும் தானியங்கி கியர் எண்ணெயும் சரிபாதி கலந்த கலவையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நன்றாக ஊடுருவும், ஆனால் எளிதில் தீப்பற்றும். அதை ஊற்றிய இடத்தில் தீச்சுடர் காட்டக் கூடாது. இறுகிய போல்ட்டைச் சூடேற்ற வேண்டியிருந்தால் அதை முதலில் செய்துவிட்டு, ஆறிய பிறகு எண்ணெய் விடுங்கள். வார்ப்பிரும்பு மேல் நேராகச் சுத்தியால் அடிக்கவே கூடாது. அது வளையாது, உடையும். செம்பு அல்லது கட்டியான மரத்துண்டு ஒன்றை இடையில் வைத்து அடியுங்கள்.

சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு முறை நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரும் சலவைச் சோடாவும் கலந்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்தால் துரு தானாகக் கழன்று வரும். அந்தத் தகடு துருப்பிடிக்காத எஃகாக இருக்கவே கூடாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள்.

கியர் பெட்டியும் சக்கரங்களும்

பழைய எண்ணெயை முழுக்க வடித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி அலசுங்கள். வடிந்ததில் இரும்புத் துணுக்குகள் வந்தால் பெட்டியைத் திறக்காமல் மேலே போகாதீர்கள். மென்மையான கறுப்புச் சேறு மட்டும் வந்தால் அது பல பத்தாண்டுக் கழிவு. திரும்ப நிரப்பும்போது எஸ்ஏஇ 90 தரக் கியர் எண்ணெயை மட்டக் குறி வரை ஊற்றுங்கள். வெண்கலப் பாகங்கள் உள்ள பழைய பெட்டிகளுக்கு, கியர் எண்ணெய்த் தரங்களில் ஜிஎல்-5 வகையைவிட ஜிஎல்-4 பாதுகாப்பானது. ஆயில் சீல் கசிந்தால் மாற்றிவிடுங்கள். ஒருபோதும் கசிவுக்குப் பயந்து கிரீஸை அடைக்காதீர்கள். பற்சக்கரம் ஓடும் தடத்தை விட்டு கிரீஸ் ஒதுங்கி நின்றுவிடும், திரும்பி வராது.

சக்கரத்தின் குடத்துக்குள் ராட்செட் பற்களும், ஸ்பிரிங் தள்ளும் கொக்கிகளும் இருக்கின்றன. முன்னே உருளும்போது கொக்கி பல்லில் பிடித்து அச்சைச் சுழற்றும். பின்னே தள்ளும்போதும், திருப்பத்தில் ஒரு சக்கரம் வேகமாக ஓடும்போதும் வழுக்கிக்கொண்டு "டக் டக்" என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் கொக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்து முனை மழுங்கிய கொக்கிகளை எல்லாம் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பாரம் முழுவதும் அதன் மேல் விழும். இங்கே மெல்லிய எண்ணெய் போதும். கெட்டியான கிரீஸ் வைத்தால் குளிர்ந்த காலையில் கொக்கி விழாது, சக்கரம் ஓடும், கத்தி ஓடாது.

இரண்டு சக்கரத்தையும் தனித்தனியே ஜாக்கியில் தூக்கிச் சோதியுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் நேர் வரிசையில் தெரியாது; ஒரு பக்கத் திருப்பத்தில் கத்தி நின்றுபோகும்போதுதான் தெரியும்.

பிட்மன் கட்டை

ஃப்ளைவீலின் சுழற்சியைக் கத்தியின் பக்கவாட்டு ஓட்டமாக மாற்றுவது பிட்மன். இதை மரத்தில் செய்திருப்பதைப் பார்த்து, இரும்பில் செய்துவிட்டால் உறுதியாக இருக்குமே என்று தோன்றும். செய்யாதீர்கள். கத்தியில் கல்லோ கம்பியோ சிக்கும்போது முதலில் முறிய வேண்டியது இந்தக் கட்டைதான். அது முறியாவிட்டால் கத்தியின் தலையோ, ஃப்ளைவீலின் கிராங்க் முள்ளோ, கியரோ முறியும். ஹிக்கரி, ஆஷ் போன்ற நேர் ரேகையுள்ள கடினமான மரமே சரி. நீளம் பழைய கட்டையின் அதே அளவாக இருக்க வேண்டும். அரை அங்குலம் மாறினாலும் பின்னால் சொல்லப்போகும் அளவுகள் எல்லாம் கெடும்.

கத்தித் தலையின் உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளில் ஆட்டம் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. இந்த மூட்டுக்கு வேலை நேரத்தில் அடிக்கடி எண்ணெய் வேண்டும். எண்ணெய்க் குப்பியை இருக்கைக்குக் கீழேயே கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டர் பார்: வேலையின் இதயம்

வண்டியின் மற்றப் பாகங்கள் எல்லாம் சுமாராக இருந்தாலும் கட்டர் பார் சரியாக இருந்தால் புல் அறுபடும். மற்றவை எல்லாம் புதிதாக இருந்து கட்டர் பார் சரியில்லை என்றால், குதிரை வியர்த்துக் கொட்டும். புல் அறுபடாமல் மடங்கிக்கொண்டே போகும். ஆகவே இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள்.

இது வெட்டும் விதம் கத்திரிக்கோல் மாதிரி. மேலே முக்கோணப் பற்கள் பதித்த கத்தி இடவலமாக ஓடுகிறது. கீழே, பாரின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு காப்பு விரலுக்குள்ளும் ரிவிட் அடித்த லெட்ஜர் தகடு அசையாமல் நிற்கிறது. புல் இவை இரண்டுக்கும் நடுவில் அறுபடுகிறது. ஒரு பல்லின் அகலம் 3 அங்குலம். விரலுக்கு விரல் தூரமும் 3 அங்குலம். 5 அடி பாரில் 20 பற்கள் இருக்கும். பலரும் பல்லை மட்டும் தீட்டிவிட்டு, லெட்ஜர் தகட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓரம் உருண்டுபோன தகட்டின் மேல் எவ்வளவு கூரான பல் ஓடினாலும் புல் வழுக்கி இடையில் நுழைந்து அடைத்துக்கொள்ளும்.

வேலை செய்ய வேண்டிய வரிசை முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதன் மேல் நிற்கிறது.

முதலில் கத்தி. கத்தியின் முதுகுப் பட்டை நேராக இருக்கிறதா என்று தரையில் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் நேராக்குங்கள், அல்லது புதியது வாங்குங்கள். தேய்ந்த பல்லைக் கழற்ற உளி தேவையில்லை. வைஸின் வாயைக் கொஞ்சம் திறந்து, பல் கீழே தொங்கும்படியும் முதுகுப் பட்டை வைஸ் விளிம்பில் உட்காரும்படியும் வைத்து, பல்லின் பின்விளிம்பில் சுத்தியால் ஓங்கி அடித்தால் ரிவிட்கள் அறுந்துவிடும். மிச்சத்தைப் பஞ்ச் வைத்துத் தட்டி எடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், துணுக்குகள் பறக்கும். புது ரிவிட்டைத் தலை நன்றாகப் படியும்வரை அடியுங்கள். தளர்ந்த பல் லெட்ஜரில் இடித்து உடையும்.

மழமழப்பான பல்லா, ரம்பப் பல்லா? உலர்தீவனப் புல்லுக்கு மழமழப்பான பற்களும், ஓரத்தில் ரம்பக் கோடுகள் உள்ள லெட்ஜர் தகடுகளும் என்ற சேர்க்கையே என் தேர்வு. மழமழப்பான பல்லை வயலிலேயே மீண்டும் மீண்டும் தீட்டலாம். ரம்பக் கோடு புல்லை வழுக்கவிடாமல் பிடித்துக்கொடுக்கும்.

இரண்டாவது, கத்தியின் முதுகு உராயும் தேய்மானத் தகடுகள். இவை தேய்ந்தால் கத்தியின் பின்புறம் தாழ்ந்து முன்முனை மேலே தூக்கும். பல் லெட்ஜரைத் தொடாது. தகடு விலை குறைவு. எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, விரல்கள். எல்லா லெட்ஜர் தகடுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நேரான கத்தியை உள்ளே செருகி, ஒவ்வொரு பல்லும் அதன் தகட்டின் மேல் படிகிறதா என்று குனிந்து பாருங்கள். உயர்ந்து நிற்கும் விரலைக் கீழேயும், தாழ்ந்ததை மேலேயும் சுத்தியால் தட்டியே சரிசெய்யலாம். இந்த விரல்கள் ஓரளவு வளையும் வகை இரும்பு. அடிக்கும் இடம் விரலின் தடித்த பகுதி. முனையில் அடித்தால் முனைதான் வளையும். சரிசெய்தபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

நான்காவது, கத்தியை மேலிருந்து அழுத்தும் கிளிப்புகள். கத்தி தடையில்லாமல் ஓட வேண்டும், ஆனால் மேலே எழும்ப இடம் இருக்கக் கூடாது. கிளிப்புக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அட்டை ஒன்று நுழையும் அளவு இடைவெளி போதும். கிளிப்பைத் தாழ்த்தத் தட்டும்போது கத்தியை வெளியே எடுத்துவிட்டுத் தட்டுங்கள், பிறகு செருகிப் பாருங்கள். பொறுமை வேண்டிய வேலை இது.

எல்லாம் முடிந்தபின் பிட்மனைக் கழற்றி, கத்தியை ஒரு கையால் இழுத்துத் தள்ளுங்கள். ஒரு கைக்கு எளிதாக வர வேண்டும். எங்காவது பிடித்தால், அந்தப் பிடி ஒவ்வொரு ஓட்டத்திலும் குதிரையின் மேல் விழும் சுமை.

முன்சாய்வும் மையப் பொருத்தமும்

வேலை செய்யும்போது புல்லின் எதிர்ப்பு கட்டர் பாரின் வெளிமுனையைப் பின்னே தள்ளும். அதனால் நிற்கும்போதே வெளிமுனை உள்முனையைவிடக் கொஞ்சம் முன்னே இருக்கும்படி வைப்பார்கள். பாரின் நீளத்தில் அடிக்கு ஏறத்தாழ கால் அங்குலம். 5 அடி பாருக்கு 1 முதல் 1¼ அங்குலம். ஓடும்போது பார் பின்தள்ளப்பட்டு, கத்தியும் பிட்மனும் ஒரே கோட்டில் வந்துவிடும். இந்த முன்சாய்வு இல்லாவிட்டால் கத்தி கோணலாக இழுபட்டு, கத்தித் தலை விரைவில் தேய்ந்து உடையும்.

அளக்கும் விதம்: சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஏர்க்காலின் முனையை வேலை செய்யும் உயரத்துக்கு, அதாவது 32 அங்குலம் வாக்கில், முட்டுக்கொடுங்கள். சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். கட்டர் பாரை இறக்கி, வெளிமுனையைக் கையால் பின்னே இழுத்து ஆட்டத்தை எல்லாம் எடுத்துவிடுங்கள். அச்சுக்கு இணையாக ஒரு நூலைக் கட்டி, நூலிலிருந்து கத்தியின் பின்விளிம்பு வரை உள்முனையிலும் வெளிமுனையிலும் அளந்தால் வித்தியாசம் தெரியும்.

அளவு குறைவாக இருந்தால் உடனே திருகைத் தேடாதீர்கள். பெரும்பாலும் காரணம், கட்டர் பாரைத் தாங்கும் கீல் முள்ளும் புஷ்ஷும் தேய்ந்திருப்பதுதான். அவற்றைப் புதிதாகப் போட்டாலே பாதிக்கு மேல் திரும்பிவிடும். மிச்சத்துக்குத்தான் சரிசெய்யும் புஷ்.

முன்சாய்வு முடிந்த பின்னரே மையப் பொருத்தம். ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, கத்தியை ஓட்டத்தின் ஒரு கடைசிக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பல்லின் நடுவும் விரலின் நடுவில் நிற்க வேண்டும். எதிர்க் கடைசியிலும் அப்படியே. ஒரு பக்கம் தாண்டியும் மறுபக்கம் எட்டாமலும் இருந்தால் கட்டர் பார் முழுவதையும் வண்டியை நோக்கியோ வெளியேயோ நகர்த்த வேண்டும். அதற்கான திருகு அமைப்பு பாரை வண்டியோடு இணைக்கும் தண்டில் இருக்கிறது. பொருத்தம் தவறிய வண்டியில் புல் சீப்பால் வாரியதுபோல் வரிவரியாக விட்டுப்போகும், இழுவையும் கூடும்.

குதிரையைப் பூட்டியபின்

முதல் ஓட்டத்துக்குக் குட்டையான, காய்ந்த, கல்லில்லாத புல்லைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு குதிரைகள் மணிக்கு 3 மைல் வேகத்தில் நடந்தால், 5 அடி பார் கணக்குப்படி மணிக்கு 1.8 ஏக்கர் அறுக்கும். திருப்பங்களும் ஓய்வும் சேர்ந்தால் ஒரு ஏக்கருக்குச் சற்று மேல் நடைமுறையில் கிடைக்கும். அதற்கு மேல் விரட்டத் தேவையில்லை.

ஒரு விதியை மட்டும் ஒருபோதும் மீறக் கூடாது. குதிரை பூட்டியிருக்கும்போது கியரை விடுவிக்காமல் கட்டர் பார் பக்கம் போகக் கூடாது. ஈ கடித்து குதிரை ஓர் அடி எடுத்து வைத்தாலும் கத்தி ஓடும். அடைத்துக்கொண்டால் குதிரைகளை ஓரடி பின்னே நடத்தி, கியரை விடுவித்து, கடிவாள வாரை விடாமல், பாரின் பின்பக்கமாக நின்று ஒரு குச்சியால் புல்லைத் தள்ளுங்கள். பாரின் முன்னே நிற்கவே கூடாது.

புல் மெல்லப்பட்டதுபோல் கந்தலாக இருந்தால் பல் மழுங்கியிருக்கிறது, அல்லது கிளிப் தளர்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் கோடு விட்டுப்போனால் அந்த விரலின் தகட்டைப் பாருங்கள். தலைப்பக்கத்தில் தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், பிட்மன் மூட்டு தளர்ந்துவிட்டது. குதிரைகள் வழக்கத்தைவிட முன்னே சாய்ந்து இழுத்தால், உங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் எங்கோ ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றை நம்புங்கள்.

இரண்டு கத்திகள் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று ஓடும்போது மற்றது தீட்டித் தயாராக இருக்கும். தீட்டும்போது பல்லின் மேற்பக்கச் சாய்வை மட்டும், அது பிறந்த அதே கோணத்தில் தீட்டுங்கள். கிரைண்டரில் பல்லின் ஓரம் நீலமானால் எஃகின் பதம் போய்விட்டது. மெதுவாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். மணற்பாங்கான நிலத்தில் கத்தியின் மேல் எண்ணெய் தடவாதீர்கள், மணல் ஒட்டி அரத்தைப்போல் தேய்க்கும்.

பருவம் முடிந்ததும்

கத்தியை உருவி, கழுவி, எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டிவிடுங்கள். பாருக்குள் விட்டால் இலையின் சாறு துருவாகி அடுத்த ஆண்டு பிடித்துக்கொள்ளும். கியர் பெட்டியின் வடிகால் திருகைத் தளர்த்தி, அடியில் தேங்கிய தண்ணீர் இருந்தால் உறைபனிக்கு முன்னே வடித்துவிடுங்கள். கட்டர் பாரைத் தரையில் படாமல் கட்டையின் மேல் வையுங்கள். சக்கரங்களுக்குக் கீழேயும் பலகை போடுங்கள். அடுத்த பருவத்துக்குத் தேவையான பற்கள், ரிவிட்கள், ஓரிரண்டு விரல்கள், ஒரு பிட்மன் கட்டை ஆகியவற்றைக் குளிர்காலத்திலேயே வாங்கி வையுங்கள். புல் பழுத்து வெயில் அடிக்கும் வாரத்தில் பாகம் தேடி அலையக் கூடாது.

ஏர்க்காலுக்கும் இழுவைக் கட்டைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகித் தானே தீப்பிடிக்கும். விரித்துத் திறந்தவெளியில் காயவைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.